எத்தன கிராம் பொன்னுன்னு மட்டும் கேட்ட தேர்வுக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

நகை டிசைன் துறைத் தலைவருக்கும், இறுதியாண்டு தேர்வுக் கமிட்டியில இருக்க சார், மேடம் எல்லாருக்கும்,

இறுதியாண்டு வேலைய பாத்து மார்க் போடுற ஜூரி அன்னைக்கு நான் மேசையில வெச்ச மாலைய வெளிய இருந்து வந்த தேர்வாளர் ரெண்டு விரலால தூக்கி, பின்பக்கம் திருப்பிக்கூட பாக்காம, "இதுல பொன்னு எத்தன கிராம்"னு கேட்டாரு. பொன்னு ரேக்கு, அதாவது ரொம்ப மெல்லிசான பொன் தாள், அது மட்டும்தான் சார், கிராம் கணக்குல வராது, வெள்ளி 31 கிராம், மீதி பனையோலை, தேங்காய்ச் சிரட்டை, அரக்குன்னு சொன்னேன். கீழ வெச்சுட்டாரு. கொக்கி எப்படி போட்ருக்கேன், கழுத்துல எப்படி உக்காரும், ஓலை வெடிக்காம எப்படி நிக்குது, ஒரு கேள்வியும் வரல. அவரு பக்கத்துல இருந்த நம்ம கமிட்டி மேடம் "இது நகை இல்லம்மா, கைத்தொழில் சாமான்"னு சொன்னாங்க. மூணு நாள் கழிச்சு மார்க் வந்துச்சு, மெட்டீரியல் பகுதிக்கு 20க்கு 0. கண்காட்சியில மத்தவங்க பீஸ் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு, என்னோடது ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் போயிடுச்சு.

மார்க்குக்காக அழுது எழுதுற கடிதம் இல்ல இது. எனக்கு கோவம் எங்கன்னா, முந்துன செமஸ்டர்ல என் வேலைத் திட்டத்த எழுதி நான் குடுத்த சினாப்சிஸோட முதல் பக்கத்துலயே பனையோலை, சிரட்டை, அரக்கு, வெள்ளின்னு தெளிவா எழுதியிருக்கேன், கீழ துறைத் தலைவர் கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. அத நம்பி ஆறு மாசம் வேல பாத்தேன். ஜூரிக்கு 19 நாள் இருக்கும்போது போர்டுல நோட்டீஸ் ஒட்டுனீங்க, ஒவ்வொரு பீஸ்லயும் எடையில பாதிக்கு கொறையாம தங்கமோ வெள்ளியோ இருக்கணும்னு. என் மாலை மொத்தம் 68 கிராம், வெள்ளி 31. பின்பக்கமா 6 கிராம் வெள்ளித் தகட சும்மா ஒட்டியிருந்தா 74ல 37, சரியா பாதி, பாஸ். அந்தத் தகடு மாலைக்கு ஒரு வேலையும் செய்யாது, கழுத்துல பாரம்தான் கூடும். வேணும்னேதான் நான் ஒட்டல. டிசைன் சொல்லித் தர்ற எடத்துல தேவையில்லாத தகட ஒட்டுனா மார்க்கு, ஒட்டலன்னா பூஜ்யம்னு ஒரு விதி எப்படி வந்துச்சுன்னு நீங்க எழுத்துல சொல்லணும்.

நம்ம கோர்ஸ் பிரோஷர் அட்டையில என்ன படம் போட்ருக்கீங்கன்னு ஒரு தடவ எடுத்துப் பாருங்க. பரதநாட்டியத்துக்குத் தலையில வெக்கிற தலைசாமான். நெத்திச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்கொடி எல்லாம் பளபளன்னு இருக்கு. அது நாகர்கோவில் வடசேரி வேலை. நாகர்கோவில் கோயில் நகைன்னு புவிசார் குறியீடு வாங்குன அதே வேலை, இந்தக் குமரி மாவட்டம் நகையில பேரெடுத்ததே அதுலதான். அதுல எத்தன கிராம் பொன்னு இருக்கு? நான் போன வருஷம் லீவுல வடசேரியில ஒரு பட்டறையில ரெண்டு மாசம் உக்காந்தேன், அந்த ஆசாரி மாமா எனக்கு சொந்தம் கிடையாது, எங்க அம்மாவுக்கு தெரிஞ்சவங்களுக்கு தெரிஞ்சவரு, ஒரு பைசா வாங்காம சொல்லித் தந்தாரு. வெள்ளித் தகட வெட்டி சின்னச் சின்ன அறையா கட்டுவாரு. அறைக்குள்ள அரக்கு. அரக்கு இளகி இருக்கும்போதே செகப்புக் கெம்பும் பச்சையும் எடுத்து வெப்பாரு. அப்புறம் பொன்னு ரேக்கு, ஊதுனா பறந்துடும், மூச்ச அடக்கிட்டு சாமணத்தால எடுத்து கல்லச் சுத்தி வெச்சு கொஞ்சம் கொஞ்சமா அமுத்துவாரு. ரேக்கு மேல ரேக்கு. ஒரு ராக்கொடி முழுசா முடியும்போது உள்ள இருக்குறதுல பாதிக்கு மேல அரக்கும் கல்லும், பொன்னு மேல படிஞ்சது மட்டும்தான். அரக்குங்கறது மரத்துல பூச்சி உண்டாக்குற பிசின், நம்ம மெட்டல் லேப்ல அதுக்கு ஒரு அலமாரிகூட இல்ல. எங்க பாட்டி காதுல கெடந்த பாம்படமும் அப்படித்தான், மேல மெல்லிசு பொன் தகடு, உள்ள அரக்கு, அதனாலதான் அவ்ளோ பெருசு இருந்தும் காது தாங்குச்சு.

அப்ப உங்க நோட்டீஸ்படி அட்டையில இருக்க தலைசாமானும் ஃபெயில்தான. எங்க பாட்டி பாம்படமும் ஃபெயில்.

ஓலைக்கு வர்றேன். ஓலைய நகைன்னு நான் புதுசா கண்டுபிடிக்கல. தோடுங்கற சொல்லுக்கு அகராதியில பனையோலைன்னும் அர்த்தம் இருக்கு, பூவிதழ்னும் இருக்கு, காதுல போடுறதுன்னும் இருக்கு. காது நகைக்கு ஓலைன்னே பேரு உண்டு. ஓலைய சுருட்டி காது துளையில சொருகுன காலத்துப் பேரு, ஓலை போயி பொன்னு வந்த பொறவும் பேரு மாறல. இன்னைக்கும் ஆடிப்பெருக்குக்கு காவிரிக்கரையில காதோலை கருகமணின்னு வெச்சு கும்புடுறாங்க, பூஜை சாமான் கடையில போய் கேளுங்க, செகப்புச் சாயம் போட்ட ஓலைச் சுருளு குடுப்பாங்க. நம்ம காது நகையோட பழைய பேரே ஓலைன்னு இருக்கும்போது ஓலை நகை இல்லன்னு எந்தப் புத்தகத்த வெச்சு சொல்றீங்க?

நான் என்ன பண்ணேன்னு நீங்க கேக்கல, அதனால இங்க சொல்றேன்.

எங்க வீடு களியக்காவிளைக்குப் பக்கம், செக்போஸ்ட் தாண்டுனா கேரளா, பாறசாலை, சொந்தத்துல பாதிப்பேர் அந்தப் பக்கம். எங்க பாட்டா பனையேறி. அவரு ஏறுன விளையில இன்னும் 11 பனை நிக்குது. மொதல்ல முத்துன ஓலைய அப்படியே கீறி சுருட்டுனேன், நரம்பு போற போக்குலயே நீட்டா வெடிச்சுது. குருத்தோலை எடுத்தேன், சுருண்டுச்சு, ஆனா ஒரு வாரத்துல சுருங்கி வளையத்த விட்டுக் கழண்டு விழுந்துச்சு. அப்புறம்தான் சுவடி எழுத ஓலைய எப்படி பதப்படுத்துவாங்கன்னு தேடிப் படிச்சு, மஞ்சள் போட்ட தண்ணியில அவிச்சு, நெழல்ல காயவெச்சு, புல்தைலம் தடவுனேன். குருத்துமில்லாம முத்தலுமில்லாம நடுப்பருவ ஓலை அதுக்கு சரியா வந்துச்சு. இத கண்டுபிடிக்க ரெண்டு மாசம் போச்சு, அந்த ரெண்டு மாசத்து ஓலை எல்லாம் தேதி எழுதி ஒட்டுன நோட்டு ஒண்ணு இருக்கு, ஜூரி மேசையில மாலைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு, யாரும் தொறக்கல.

பாக்கு மட்டையும் பாத்தேன், மழைக்கு ஊதிப்போச்சு, விட்டுட்டேன். மணவாளக்குறிச்சி பக்கத்து கடல்மணல்ல கார்னெட் இருக்குறதால செகப்பா மின்னும், சின்ன வயசுல இருந்தே எனக்கு அதுமேல ஒரு கண்ணு, அத அரக்குல பதிக்கலாம்னு ஆசப்பட்டேன். ஆனா அதே மணல்ல மோனசைட்டும் இருக்கு, அதுல தோரியம், கதிர்வீச்சு உள்ளது, உடம்பு மேல போடுற சாமானுக்கு ஆகவே ஆகாதுன்னு படிச்ச அன்னைக்கே அந்த யோசனைய தூக்கிப் போட்டேன். மெட்டீரியல் எக்ஸ்பெரிமெண்ட்னா கையில கெடைச்சத ஒட்டுறதுன்னு நீங்க நெனைக்கிறீங்களோன்னுதான் இதையும் சொல்றேன். எத வேண்டாம்னு வெச்சேன்ங்கறதுக்கும் காரணம் எழுதி வெச்சிருக்கேன்.

வேலை வரிசைதான் எல்லாத்துலயும் கஷ்டம். வெள்ளிய பொடி வெச்சு ஊதி ஒட்டணும்னா 700 டிகிரிக்கு மேல சூடு வேணும், ஓலை அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல வந்தாலே சாம்பல். அதனால வளையம், கொக்கி, அறை எல்லாத்தையும் மொதல்ல ஊதி முடிச்சு, புளி போட்டு தேச்சு, ராவி, மெருகேத்தி, கடைசியாத்தான் ஓலை உள்ள வரணும், அதுக்கப்புறம் நெருப்பு கிடையாது, ஆணி அடிச்சுதான் பூட்டணும். 27 ஓலைச் சுருள், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் வெள்ளி வளையம், நடுவுல சிரட்டை வட்டு. சிரட்டைய 120ல ஆரம்பிச்சு 220, 400, 800னு நம்பர் போட்ட உப்புத்தாள் வெச்சு தேச்சு தேங்காயெண்ணெய் தொட்டு தொடச்சா கறுப்புல ஒரு மினுக்கம் வரும், பாலிஷ் எதுவும் வேண்டாம். சுருளோட வாயில மட்டும் அரக்கு வெச்சு பொன்னு ரேக்கு அமுத்துனேன், ஆசாரி மாமா சொல்லித் தந்தது போலயே.

முடிச்சதும் 40 நாள் போட்டுட்டு பஸ்ல போய் வந்தேன். ஐப்பசி கார்த்திகை மழை, மார்த்தாண்டம் தக்கலை வழியா கூட்டத்துல நசுங்கி, வேர்வை, எல்லாம் பட்டுச்சு. கடைசியில எடை 0.9 கிராம் கூடியிருந்துச்சு, அந்த அளவுக்கு ஈரம் குடிச்சிருக்கு. 27ல 4 சுருள்ல கறுப்பு பூத்துச்சு, நாலும் பிடரிப் பக்கம், முடியோட ஈரம் படுற எடம். அந்த நாலையும் மாத்தி, பின்பக்கம் ஓலையே வேண்டாம்னு வெள்ளிச் சங்கிலி ஆக்குனேன். அந்த 31 கிராம்ல நெறைய அந்தச் சங்கிலிக்குத்தான் போச்சு. நீங்க பாத்தது அந்த மாத்துன மாலை.

எங்க பாட்டி கேட்டதையும் சொல்லியாகணும். மாலைய மொதல்ல அவங்ககிட்டதான் காட்டுனேன். ரொம்ப நேரம் கையில வெச்சுப் பாத்துட்டு, "மக்ளே, நம்மள பொன்னு போட விடாம வெச்சிருந்தானுவ, நம்ம ஆளுவ சண்ட போட்டுல்லா போட்டாவ, நீ படிச்சிட்டு ஓலைய திரும்ப எடுத்துட்டு வாறியா"ன்னாங்க. எனக்கு பதில் வரல. இந்தக் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தான இருந்துச்சு. பழைய திருவிதாங்கூர்ல கீழன்னு ஒதுக்கி வெச்ச மக்களுக்கு பொன் நகை போட தடை இருந்துச்சு. கொல்லம் பக்கம் பெரிநாட்டுல 1915ல தலித் மக்கள் தலைவர் அய்யன்காளி முன்ன நின்னு நடத்துன கல்லுமாலை சமரம்ங்கற போராட்டத்துல, அடையாளமா கழுத்துல போட வெச்சிருந்த கல்லுமாலைய பொம்பளைங்க அறுத்து எறிஞ்சாங்க. எந்தப் பொருள யாரு போடணும்னு மேல இருக்கவன் முடிவு பண்ணா அது எங்க போய் நிக்கும்னு எங்க ஊர்ல பெரியவங்களுக்கு நல்லாவே தெரியும். பாட்டி கேள்வி நியாயமானது, அதுக்கு நான் ஒரு வாரம் யோசிச்சேன். இது யாரும் என் கழுத்துல மாட்டி விட்டது இல்ல பாட்டி, பாட்டா ஏறுன பனை, நான் எடுத்து வெள்ளியில கெட்டுனேன், வேணும்னா போடலாம் வேண்டாம்னா கழட்டலாம்னு சொன்னேன். ஒடனே ஒத்துக்கல. ஆனா அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது கேட்டு வாங்கிப் போட்டாங்க. எனக்கு நடந்த மொத ஜூரி அதுதான், அவங்க கேட்ட கேள்வியில பாதி அளவுக்கு கனமா ஒரு கேள்வி நீங்க கேட்ருந்தா இந்த மடல் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இனி துட்டு விஷயம். 2025 ஆரம்பத்துல சவரன் 58 ஆயிரத்த ஒட்டி இருந்துச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல 90 ஆயிரத்த தாண்டிடுச்சு, வெள்ளியும் கூடவே ஏறிச்சு. அந்த வருஷம் படிச்ச பிள்ளைங்ககிட்டதான் பாதி எடைக்கு தங்கமோ வெள்ளியோ கொண்டு வான்னு நோட்டீஸ் ஒட்டுனீங்க. என் கிளாஸ்ல பாறசாலையில இருந்து வர்ற ஒரு பொண்ணோட அம்மா, நோட்டீஸ் வந்த மறுநாள் கையில கெடந்த வளையல அடகு வெச்சாங்க. இன்னொருத்தன் கடையில இருந்து ரெடிமேடா வாங்குன வெள்ளித் தகட்ட அடியில ஒட்டி எடைய சரி பண்ணான், அவனுக்கு மார்க்கு விழுந்துச்சு, அவன நான் கொறை சொல்ல மாட்டேன், வேற வழி இல்லாம பண்ணான். ஆனா அந்த அம்மா வளையலுக்கு என்ன பதில் சொல்லப் போறோம் நம்ம எல்லாரும்?

வேலை கெடைக்கணும்னா தங்கத்துல பழகணும், திரிச்சூர்லயும் கோயம்புத்தூர்லயும் ஓலைக்கு ஆள் எடுக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க. சரிதான், நான் மறுக்கல. அதனாலதான் இந்த மாலைய ரைனோங்கற கம்ப்யூட்டர் டிசைன் சாஃப்ட்வேர்லயும் முழுசா மாடல் பண்ணி, ஓலைச் சுருள் எடத்துல தங்கக் குழல் போட்டா என்ன எடை வரும்னு ஒரு வெர்ஷனும் வெச்சிருக்கேன். முல்லமொட்டு மாலை, மாங்கா மாலை, பாலக்கா மாலை, நாகபடத்தாலின்னு நம்ம பக்கத்துலயும் மலையாளக்கரையிலயும் இன்னைக்கும் கடையில ஓடுற டிசைன் எல்லாமே மொட்டையும் காயையும் பாம்புப் படத்தையும் உத்துப் பாத்த யாரோ ஒருத்தர் கையில இருந்துதான் தொடங்குச்சு. உத்துப் பாக்குறதுக்கு மார்க்கே கிடையாதுன்னா அடுத்த டிசைன் எங்க இருந்து வரும்? ஹால்மார்க் நம்பர், 2023 ஏப்ரல்ல இருந்து ஒவ்வொரு தங்க நகைக்கும் தனித்தனியா குடுக்குற ஆறு எழுத்து-எண் அடையாளமான HUID இல்லாம விக்கக்கூடாதுங்கற சட்டம், எல்லாம் படிச்சு பரிட்சை எழுதியிருக்கோம். அந்த முத்திரை பொன்னோட சுத்தத்துக்குத்தான் சாட்சி சொல்லுது, டிசைனுக்கு மார்க் போடுற வேல உங்களோடது.

ரெண்டாம் செமஸ்டர் நகை வரலாறு கிளாஸ்ல நீங்களே நடத்துனது எனக்கு வரி வரியா ஞாபகம் இருக்கு. 1813ல பிரஷ்யாவுல போருக்காக பொம்பளைங்க தங்கத்த குடுத்துட்டு இரும்பு நகை வாங்கிப் போட்டாங்க, அத போடுறதுதான் அன்னைக்கு கவுரவம்னு சொன்னீங்க. ரெனே லாலிக் மாட்டுக் கொம்புலயும் கண்ணாடியிலயும் எனாமல்லயும் செஞ்சதக் காட்டி, விலை கல்லுல இல்ல கையில இருக்குன்னு போர்டுல எழுதுனீங்க. நான் அத நம்பித்தான் சினாப்சிஸ் எழுதுனேன், நீங்க அத நம்பித்தான கையெழுத்து போட்டீங்க? பாரிஸ்ல கொம்புன்னா கலை, களியக்காவிளையில ஓலைன்னா கைத்தொழில் சாமானா? கைத்தொழில்ங்கற வார்த்தைய கேட்டு எனக்கு அவமானம் இல்ல, வடசேரி மாமா முகம்தான் ஞாபகம் வந்துச்சு. அவர மட்டம் தட்டுற மாதிரி அந்த வார்த்த அந்த ரூம்ல விழுந்துச்சு, அது எனக்கு தாங்கல.

நான் கேக்குறது இதுதான்.

பாதி எடை நோட்டீஸ எடுங்க. அடுத்த வருஷத்துக்கும் வேண்டாம். அப்படி ஒரு விதி கண்டிப்பா வேணும்னு நெனச்சா சினாப்சிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி சொல்லுங்க, கையெழுத்து போட்ட பொறவு மாத்தக்கூடாதுன்னு எழுத்துல குடுங்க.

என் கலெக்‌ஷன மறுபடி பாருங்க. எனக்கு சலுகை மார்க் வேண்டாம், பீஸ கையில எடுத்து, போட்டுப் பாத்து, சோதனை நோட்டப் படிச்சு, அப்புறமும் 0தான்னா ஏன் 0ன்னு எழுதிக் குடுங்க, ஏத்துக்குறேன். பாக்குற குழுவுல பட்டறையில வேல செஞ்ச ஒரு ஆசாரியாவது இருக்கணும். வடசேரி நம்ம காலேஜ்ல இருந்து ஒண்ணும் தூரம் இல்ல. அவங்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம் ஆகும், அத காலேஜ் குடுக்கணும்.

மெட்டீரியல் 20 மார்க்குல சோதனைக்கும் போட்டுப் பாத்ததுக்கும் தனியா எடம் ஒதுக்குங்க. லேப்ல அரக்கு, சிரட்டை, ஓலை, நூல் வெச்சு வேல செய்ய ஒரு மேசையும் ஒரு அலமாரியும் போதும், பெருசா செலவு ஆகாது.

நோட்டீஸால கடன் வாங்குன, அடகு வெச்ச பிள்ளைங்க யாரு யாருன்னு துறையில கூப்பிட்டு கேளுங்க, பேர வெளிய சொல்லாம. அடகு வட்டிய கட்டுறதுக்கு காலேஜ் என்ன செய்ய முடியும்னு அவங்க வீட்டுக்காரங்க முன்னாடி பேசுங்க.

இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் எழுத்துல வேணும், எனக்கு மட்டும் இல்ல, நோட்டீஸ் ஒட்டுன அதே போர்டுல.

இன்னொண்ணு, அது அவசரம். மாலை இன்னும் ஸ்டோர் ரூம் இரும்பு அலமாரியில பூட்டிக் கெடக்கு. இடவப்பாதி மழ தொடங்கியாச்சு, காத்தோட்டம் இல்லாம அடச்சு வெச்சா ஓலை பூசணம் பூத்துரும், சுருளெல்லாம் திரும்ப தொடச்சு புல்தைலம் போடணும். திங்கட்கிழம காலைல 10 மணிக்கு துணியும் தைலமும் கொண்டு வர்றேன், சாவிய ஆபீஸ்ல குடுத்து வெச்சிடுங்க.

இப்படிக்கு,
இறுதியாண்டு நகை டிசைன் மாணவி,
களியக்காவிளை